நீல டிக்கும் கையெழுத்தும்

மேலதிகாரி ஒருவர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போடுகிறார்: “நாளைக் காலை எட்டு மணிக்குள் முடிந்திருக்க வேண்டும்.” அதற்குக் கோப்பு எண் கிடையாது, தேதியிட்ட கையெழுத்து கிடையாது, யார் யாருக்கு நகல் போகிறது என்ற குறிப்பும் கிடையாது. ஆனாலும் அது உத்தரவுதான். குரூப்பில் இருக்கும் கடைநிலை ஊழியருக்கும் அது தெரியும். அவர் படித்துவிட்டதை இரண்டு நீல டிக் காட்டிக்கொடுத்துவிடும். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. உத்தரவு போட்டவருக்கோ அப்படி எந்தக் கட்டும் இல்லை. இரண்டு நாளுக்குள் அந்த வரியை எல்லோருடைய போனிலிருந்தும் அவரால் அழித்துவிட முடியும். வேலை கெட்டுப்போனால் “நான் எங்கே அப்படிச் சொன்னேன்?” என்று கேட்கவும் முடியும்.

அலுவலகங்களும் அரசும் இத்தகைய செயலிகள் வழியாக இயங்குவது சரியா என்ற கேள்வி வரும்போதெல்லாம் வசதி, வேகம், தகவல் திருட்டு என்று பேச்சு போகிறது. கேட்பவரை முழுதாகக் கட்டிப்போட்டு, சொல்பவரை அவிழ்த்துவிடுகிற ஒரு வழியில் அதிகாரம் செலுத்தலாமா என்பதை அந்தப் பேச்சு அபூர்வமாகவே தொடுகிறது.

இதைப் பெங்களூரில் வைத்துப் பார்ப்பது பொருத்தம். அரசும் மக்களும் இணையத்தில் பேசிக்கொள்வதை இந்த நகரம் பல நகரங்களுக்கு முன்பே பழகியது. 2010-லேயே போக்குவரத்துக் காவல்துறை ஃபேஸ்புக்கில் பக்கம் திறந்து, விதி மீறும் வண்டிகளின் படங்களைப் பொதுமக்களிடம் வாங்கத் தொடங்கியது. 2012-ல் ஜனாக்ரஹா அமைப்பு தெருப் புகார்களுக்கென்றே ‘ஐ சேஞ்ச் மை சிட்டி’ தளத்தைத் தொடங்கியது. எம்.என். ரெட்டி மாநகரக் காவல் ஆணையராக இருந்த காலத்தில் காவல்துறை ட்விட்டரில் மக்களோடு நேரடியாகப் பேசியது. தொழில்நுட்பத்தைக் கண்டு பயந்த ஊர் இல்லை இது.

வேகம் உயிர் காத்ததையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா இரண்டாம் அலை அடித்தபோது, பெங்களூரில் படுக்கை கிடைக்க ‘பி.யு. நம்பர்’ என்ற நோயாளி எண் வேண்டும், 1912-க்கு அழைக்க வேண்டும். நம்பர் வருவதற்குள் நோயாளிக்கு மூச்சு முட்டும். அந்த நாட்களில் முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்த வாட்ஸ்அப் குரூப்புகள்தான் எந்த மருத்துவமனையில் இடம் இருக்கிறது, எங்கே சிலிண்டர் நிரப்புகிறார்கள் என்று ராத்திரி முழுக்கத் தேடின. அதிகாரிகளும் அந்தக் குரூப்புகளில் இருந்தார்கள். அவர்கள் கோப்பு எழுதி மேலே அனுப்பிக் காத்திருக்க வேண்டியதுதானே என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே, அவசரத்துக்கு எடுத்த கருவியைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை.

அதே நாட்களில் இன்னொன்றும் நடந்தது. மே 2 இரவும் 3-ஆம் தேதியும் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில் 24 மணி நேரத்தில் 24 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் மைசூரிலிருந்து வர வேண்டியிருந்தது. வரவில்லை என்று ஒரு மாவட்டமும், நாங்கள் தடுக்கவில்லை என்று இன்னொரு மாவட்டமும் சொல்லின. ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர்கள் மூன்று பேர்தான் என்று அரசுத் தரப்பு முதலில் சொன்னது. உயர் நீதிமன்றம் தலையிட்டு, இரு மாவட்ட ஆவணங்களையும் பாதுகாக்கச் சொன்னது, நீதிபதி ஏ.என். வேணுகோபால கௌடா தலைமையில் குழு அமைத்தது. ஆக்சிஜன் பற்றாக்குறையே சாவுகளுக்குக் காரணம் என்று குழு அறிக்கை கொடுத்தது. யார், யாரிடம், எந்த நேரத்தில் கேட்டார், என்ன பதில் வந்தது என்பதை எழுத்தில் காட்ட முடிந்தால்தான் இப்படிப்பட்ட விசாரணை நடக்கும். அலுவலகக் குறிப்புகளை வெறும் சம்பிரதாயம் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. செத்தவர்களின் வீட்டாருக்குக் கடைசியில் அந்தக் காகிதம்தான் துணை. அது அழிந்துபோகக்கூடிய அரட்டையாக இருந்தால் அவர்களுக்கு அதுவும் இல்லை.

எழுத்தில் வைக்கும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. டொம்லூரில், ஐ.டி. வளாகங்களுக்குப் பக்கத்திலேயே, சொக்கநாதசாமி கோயில் இருக்கிறது. அங்கே தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. கொடுத்த நிலம் எது, யார் கொடுத்தது என்று கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். சோழ நிர்வாகத்தில் அரசனின் வாய்மொழி உத்தரவு அப்படியே செல்லுபடியாகிவிடாது. திருமந்திர ஓலை என்ற அதிகாரி அதை எழுதுவார், மேலே உள்ளவர்கள் ஒப்பிடுவார்கள், பிறகு வரிப் புத்தகத்தில் ஏறும். அந்த ஆட்சி நியாயமானதா என்பது வேறு விவாதம். ஆனால் அரசனே வாயால் சொன்னாலும் அவன் சொன்னான் என்பதற்கு இத்தனை பேர் கைநாட்டு வேண்டும் என்று அன்றைக்கு நினைத்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு வார்டு அலுவலகத்தின் உத்தரவுக்கு அதுகூட இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மின்னஞ்சலையும் மின்னணு வடிவில் உள்ள எதையும் தகவல் என்றே சொல்கிறது. ஆவணங்களை ஒழுங்காக வைத்திருப்பதும் அந்தச் சட்டப்படி அலுவலகத்தின் கடமை. ஆனால் முடிவு எடுக்கப்பட்ட இடம் ஓர் அதிகாரியின் சொந்த போன் என்றால், மனு போடுகிறவர் எதைக் கேட்பார்? அவர் மாற்றலாகும்போது அந்த போனும் அவரோடு போய்விடுகிறது.

பாரம் இறங்குகிற இடத்தையும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பெங்களூரின் தெருக்களைக் கூட்டும் பௌரகார்மிகர்களில் பெரும்பாலோர் பெண்கள், தலித்துகள்; தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிறவர்கள். விடியற்காலையில், ஊரார் குப்பை கொட்டி ‘பிளாக் ஸ்பாட்’ ஆக்கிவைத்திருக்கும் ஒரு மூலையைக் கூட்டி அள்ளுகிறார்கள். அள்ளும் முன் ஒரு படம், அள்ளிய பின் ஒரு படம். இடமும் நேரமும் படத்தின் அடியில் தானாக விழ வேண்டும். மேஸ்திரி அதைக் குரூப்பில் போட வேண்டும். அரை மணி கழித்து யாரோ பைக்கில் வந்து அதே மூலையில் ஒரு பையை வீசிவிட்டுப் போனால், குடியிருப்போர் சங்கத்துக்காரர் ஒருவர் படம் எடுத்து இன்னொரு குரூப்பில் போடுகிறார். அந்தப் படம் மேலே போய், திரும்பக் கீழே வந்து, கடைசியில் விளக்குமாறு பிடித்திருப்பவரிடம் நிற்கிறது. பையை வீசியவரின் படம் எந்தக் குரூப்பிலும் இல்லை.

மறுபக்கமும் இருக்கிறது. 2017-ல் பயோமெட்ரிக் வருகைப் பதிவு வந்தபோது, ஒப்பந்ததாரர் பட்டியலில் இருந்த பெயர்களுக்கும் வேலைக்கு வந்த ஆட்களுக்கும் உள்ள இடைவெளி வெளியே வந்தது. ஒப்பந்ததாரரைத் தாண்டிச் சம்பளத்தை நேரே வங்கிக் கணக்கில் போடும் நிலைக்கு அது ஒரு படி. 2025 மே தினத்தன்று 12,692 பேருக்கு நிரந்தரப் பணி ஆணை கிடைத்ததும் நீண்ட போராட்டத்தின் பலன். ‘இந்த அம்மாள் இன்றைக்கு வேலைக்கு வந்தார்’ என்று யாரும் மறுக்க முடியாதபடி சொல்கிற பதிவு தொழிலாளியின் கையில் ஆயுதம். அந்தப் பதிவு ஒப்பந்ததாரரையும் கட்டியது, அதனால்தான் பயன்பட்டது. காலைப் படமோ மேஸ்திரியையும் கூட்டுபவரையும் மட்டும் கட்டுகிறது. குப்பை வண்டி ஏன் வரவில்லை, கையுறை ஏன் தரவில்லை என்று அதே குரூப்பில் அவர்கள் கேட்டால், பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

கேட்பதே ஆபத்தாகவும் முடியலாம். 2023 மே மாதம், சித்திரதுர்கா மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர், எந்த முதலமைச்சர் காலத்தில் மாநிலத்தின் கடன் எவ்வளவு ஏறியது என்று சமூக ஊடகத்தில் எழுதினார். நடத்தை விதிகளை மீறியதாக அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அரசு ஊழியர் அரசியல் பிரசாரம் செய்யக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆசிரியரின் சொந்த போன், சொந்த டேட்டா, ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லாம் அரசின் குரூப்புக்குத் திறந்திருக்க வேண்டும், அதே போனிலிருந்து அவர் குரல் மட்டும் வெளியே வரக் கூடாது என்றால், அந்த ஏற்பாட்டில் அறம் இருப்பதாகச் சொல்ல முடியாது.

தனியார் அலுவலகங்களில் இதற்கு வேறு முகம். அவுட்டர் ரிங் ரோடு கம்பெனிகளில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிகிறது. டீம்ஸ் செயலியில் ஐந்து நிமிடம் கை அசையாவிட்டால் அது மஞ்சளாகிவிடும். யோசிப்பவரும் மஞ்சள், தூங்குபவரும் மஞ்சள். புள்ளி மாறிவிடாமல் இருக்க மௌஸை அசைத்துக்கொண்டே சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலையை அளக்க முடியாதவர்கள் இருப்பை அளக்கத் தொடங்கியதன் விளைவு இது. கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் 1961-ஆம் ஆண்டினது. அது மணிக்கணக்கில் பேசுகிறது. அதைத் திருத்தி, ஐ.டி. துறையில் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்க வழிசெய்யும் யோசனை 2024 ஜூலையில் வந்தது. ஐ.டி. ஊழியர் சங்கமான கே.ஐ.டி.யு. அதை எதிர்த்தது நியாயமே. ஆனால் இரவு பதினொன்றரைக்கு வரும் ‘ஒரு சின்ன விஷயம்’ என்ற செய்தி எட்டு மணிக் கணக்கிலும் சேராது, பன்னிரண்டு மணிக் கணக்கிலும் சேராது.

அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் ஊரில் இரவுச் செய்தியே தவறு என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தொழிலே அந்த நேர வித்தியாசத்தின் மேல் நிற்கிறது. பதில் போடாமல் படுத்துக்கொள்கிறவருக்கு மறுநாள் ஏதாவது ஆகுமா என்பதில்தான் நியாயம் தெரியும். பிரான்ஸ் 2017-லும் ஆஸ்திரேலியா 2024-லும் இதைச் சட்டத்தில் எழுதின. வேலை நேரம் முடிந்த பின் வரும் அழைப்பைப் பார்க்காமல் இருக்க ஆஸ்திரேலிய ஊழியருக்கு உரிமை உண்டு, அந்த மறுப்பு நியாயமற்றதாக இல்லாத வரை. இங்கே இதே உரிமைக்காக சுப்ரியா சுலே மக்களவையில் கொண்டுவந்தது தனிநபர் மசோதா என்ற அளவிலேயே நின்றது.

இந்தக் குரூப்புகளில் யார் இல்லை என்பதும் அறக் கேள்விதான். பெங்களூரு மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் 2020 செப்டம்பரில் முடிந்தது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கவுன்சிலரே இல்லாமல் ஓடி, 2025 செப்டம்பரில் அந்த மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. அந்த இடைவெளியில் வார்டு இன்ஜினியர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப் பல இடங்களில் கவுன்சிலரின் வேலையைப் பார்த்தது. ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி, கமிஷனரை டேக் செய்யத் தெரிந்த அடுக்குமாடிக்காரருக்குப் பள்ளம் மூடப்பட்டது. சேரியில் சாக்கடை வழிகிற வீட்டுக்காரி எந்தக் குரூப்பிலும் இல்லை. கவுன்சிலர் எவ்வளவு மோசமானவராக இருந்தாலும் அவளுடைய ஓட்டும் அவருக்கு வேண்டியிருந்தது. குரூப் அட்மினுக்கு அவள் தேவையே இல்லை. இதோடு ஒப்பிட்டால், கர்நாடகமே 2011-ல் சட்டமாக்கிய ‘சகாலா’ எவ்வளவோ மேல். மனு கொடுத்தவருக்கு ஓர் எண் உண்டு. குறித்த நாளுக்குள் சேவை வராவிட்டால் நாளுக்கு 20 ரூபாய் வீதம் 500 ரூபாய் வரை நஷ்டஈடு கேட்கலாம். தொகை அற்பம்தான். ஆனாலும் தாமதித்த அலுவலகம் பதில் சொல்லியாக வேண்டும்.

சமீபத்தில் வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு ஜோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ செயலிக்கு மாறலாமா என்ற பேச்சு எழுந்தது. நம்மவர்கள் செய்த செயலி என்ற பெருமிதம் இயல்பானது. சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்பதும் முக்கியம்தான். ஆனால் அழிக்கக்கூடிய உத்தரவு எந்த நாட்டுச் செயலியில் போனாலும் அழிக்கக்கூடியதே. ஸ்காட்லாந்து அரசு இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. கொரோனாக் கால வாட்ஸ்அப் செய்திகளை அங்கே தலைவர்களும் அதிகாரிகளும் அழித்துவிட்டிருந்தது விசாரணையில் வெளிவர, அரசு வேலைக்கு அந்தச் செயலியே வேண்டாம் என்று 2024 டிசம்பரில் முடிவெடுத்தார்கள். அமெரிக்காவில், ஊழியர்கள் சொந்த போனில் தொழில் பேசியதைப் பதிவில் வைக்கவில்லை என்பதற்காக ஜே.பி. மார்கன் 2021-ல் 20 கோடி டாலர் அபராதம் கட்டியது. முதலீட்டாளரின் பணத்துக்கு இவ்வளவு காவல் போட முடிகிறபோது, குடிமக்களின் உயிருக்கும் துப்புரவாளரின் வேலைக்கும் ஏன் முடியாது என்று கேட்கத் தோன்றுகிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் பதிவில் ஏற்றிவிடலாமா? அங்கேதான் கவனம் வேண்டும். எல்லாச் செய்தியையும் அலுவலகம் சேமிக்கும் என்றால், முதலில் சிக்குகிறவர் கீழே இருப்பவர்தான். 2022 ஜூலையில் பௌரகார்மிகர்கள் பணி நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்படித் திரள்கிறவர்களும் இன்றைக்கு இதே போன்களில்தான் செய்தி சொல்லிக்கொள்கிறார்கள். பதிவு என்ற பெயரில் அதையும் மேலே திறந்து காட்டச் சொன்னால், கேடு இன்னும் பெரிதாகும். ஆகவே பதிவுக் கடமை அதிகாரத்தோடு சேர்ந்து ஏற வேண்டும். உத்தரவிடும் உரிமை உள்ளவர் செயலியில் சொன்னதை அடுத்த வேலை நாளுக்குள் தன் பெயரில் இ-ஆபீஸ் கோப்பில் ஏற்ற வேண்டும். ஏறாத உத்தரவை நிறைவேற்றவில்லை என்று யாருக்கும் மெமோ கொடுக்கக் கூடாது. வேலைக்குத் தேவைப்படும் போனும் டேட்டாவும் அலுவலகச் செலவாக இருக்க வேண்டும். ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குரூப்பில் அதிகாரிக்கு இடம் இருக்கக் கூடாது. பெங்களூரின் ஐந்து புதிய மாநகராட்சிகளும் தங்கள் நடைமுறைகளைப் புதிதாக எழுதிக்கொள்ள வேண்டியவை. இதை எழுதச் சட்டமன்றத்துக்குப் போக வேண்டியதுகூட இல்லை, ஒரு சுற்றறிக்கை போதும். அந்தச் சுற்றறிக்கையாவது கையெழுத்தோடு வர வேண்டும்.