அழுத கண்ணும் அளந்த கண்ணும்

1879ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள். பிரான்சு நாட்டில், சேன் ஆற்றங்கரையில் உள்ள வெத்தேய் என்னும் சிற்றூர். நெடுநாள் நோயுற்றிருந்த கமில் என்னும் பெண், முப்பத்திரண்டாம் வயதில், இரு ஆண்மக்களை விட்டுக் கண்மூடினார். 1870இல் அரசுப் பதிவாக மட்டுமே நடந்திருந்த அவரது திருமணத்தை, இறப்புக்கு ஐந்து நாட்களுக்கு முன்தான் அருள்தந்தை ஒருவர் வந்து மந்திரித்தார். கணவர், ஓவியர் குளோத் மோனே. அவர் தூரிகையை எடுத்து, உயிர் பிரிந்த மனைவியின் முகத்தை வரைந்தார்.

அவ்வோவியம் இன்று பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. நீலமும் சாம்பலும் வெண்மையுமான தீற்றல்களுக்குள், நீரில் அமிழ்வது போல ஒரு முகம் அமிழ்ந்துகொண்டிருக்கிறது.

முதுமையில் மோனே தம் நண்பர் கிளெமான்சோவிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். அன்புக்குரியவளின் நெற்றிப்பொட்டை நோக்கியிருந்த வேளையில், சாவு அம்முகத்தில் அடுத்தடுத்து ஏற்றிய நீலத்தையும் மஞ்சளையும் சாம்பல் நிறத்தையும் தம் கண் தானாகவே தேடிக்கொண்டிருந்ததாம். திரிகை சுற்றும் விலங்கின் நிலையே தம் நிலை என்று கூறி, தம்மீது இரங்குமாறும் கேட்டுக்கொண்டார்.

இரங்குவதா, இகழ்வதா? மனைவியின் பிணத்தருகே நிறம் பார்த்தவனுக்கு நெஞ்சம் உண்டா என்றே முதலில் நமக்குக் கேட்கத் தோன்றுகிறது. ஆனால் நம் தந்தையார் மறைந்த இரவில், நினைவு அட்டைக்கு வாசகம் எழுத அமர்ந்த நாம் என்ன செய்தோம்? கண்ணீர் தாளில் விழ விழ, ஓர் அடைமொழி சரியில்லையென அடித்துவிட்டு, ஓசை பொருந்திய வேறொன்றைத் தேடினோம். அது கிடைத்தபோது மனத்தில் ஒரு நிறைவும் உண்டாயிற்று. அந்த நிறைவை எண்ணி இன்றும் நாணுகிறோம். தன் தாய்க்கே பெட்டி செய்ய நேர்ந்த தச்சனும் அளவு எடுத்தேயாக வேண்டும். பழகிய கண்ணை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர எவராலும் இயல்வதில்லை. அதனால் அன்பு குறைந்துவிட்டது என்று சொல்வது அவசரத் தீர்ப்பு.

ஆயினும் மோனேயை முற்றிலும் விடுவிக்கவும் நம் மனம் இசையவில்லை. அவர் வரைந்துகொண்டிருந்த நேரத்தில், தாயை இழந்த பன்னிரண்டு வயது மூத்தவனையும், இரண்டு வயதுகூட நிரம்பாத இளையவனையும் யார் அணைத்துக்கொண்டார்கள்? அவ்வீட்டில் உடன் வாழ்ந்த மற்றொரு குடும்பத்தினராக இருக்கலாம். அந்த அணைப்பை வரைந்துவைக்க எவரும் இல்லை.

வேறு படங்களை விற்றே வயிறு வளர்த்தவர், இந்தப் படத்தை மட்டும் தம் வாழ்நாள் முழுதும் தம்மிடமே வைத்திருந்தார். அது தவிர, கமில் இறந்த அன்றே அவர் எழுதிய கடிதம் ஒன்றும் உண்டு. மருத்துவரான நண்பருக்கு அடகுச் சீட்டு ஒன்றை அனுப்பி, கடையிலிருந்து ஒரு பதக்கத்தை மீட்டுத் தருமாறு அதில் வேண்டினார். கமில் தமக்கென வைத்துக்கொள்ள முடிந்த ஒரே நினைவுப்பொருள் அது. அவர் என்றென்றைக்குமாகப் பிரியுமுன், அதை அவரது கழுத்தில் கட்டிவிட வேண்டுமென்று எழுதியிருந்தார்.