கையெழுத்திடாத கட்சிக்காரர்

பெற்றோர் பிரியும்போது பிள்ளை எவரிடம் வளர வேண்டும் என்று கேட்டுத் தொடுக்கப்படும் வழக்கு, ஏட்டளவில் மனுதாரர், எதிர்மனுதாரர் என்னும் இருவருக்கு இடையே நடந்தாலும், அதன் தீர்ப்பை நாள்தோறும் வாழ்ந்து அனுபவிக்க வேண்டியவர் மூன்றாமவர் ஆவார். வக்காலத்து என்பது வழக்கை நடத்தும் அதிகாரத்தை வழக்கறிஞருக்குக் கட்சிக்காரர் எழுதிக் கொடுக்கும் பத்திரம். நீதிமன்றக் கட்டண வில்லையும் வழக்கறிஞர் நல நிதி வில்லையும் ஒட்டிய அத்தாளில் தந்தையோ தாயோ கையெழுத்திட, வழக்கறிஞர் ஏற்றுக்கொண்டதாகக் கீழே ஒப்பமிடுகிறார். பிள்ளையின் பெயர் மனுவுக்குள் வயதோடும் படிக்கும் வகுப்போடும் வருகிறதே தவிர, வக்காலத்தில் பிள்ளையின் கையெழுத்து இருப்பதில்லை. எனவே இத்தகைய வழக்குக்கு வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பது, கட்டணமும் திறமையும் பற்றிய கணக்காகத் தொடங்கினாலும், அறநூல்கள் ஆராய வேண்டிய ஒரு கேள்வியில் போய் முடிகிறது: தமக்காகப் பேச ஒருவரை அமர்த்தும் பெற்றோர், பிள்ளைக்காகவும் பேசும் அதிகாரத்தை அவருக்குக் கொடுக்க முடியுமா?

இராதாபுரம் வட்டத்தில் உள்ள கூடங்குளத்திலிருந்து பார்த்தால் இக்கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முகங்கள் உண்டு. ஊருக்குள்ளும் சுற்றுப்புறங்களிலும் இந்துக்களும் கிறித்தவர்களும் இசுலாமியரும் வாழ்கின்றனர். இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களில் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் உள்ளன. அணுமின் நிலையத்தின் பணியாளர் குடியிருப்பில் பிற மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் தங்கியிருக்கின்றனர். பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த எல்லைக்குரிய நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என்று 1890ஆம் ஆண்டின் காப்பாளர், காப்புக்குரியோர் சட்டத்தின் 9ஆம் பிரிவு கூறுவதால், பிள்ளையோடு ஒருவர் சொந்த ஊருக்குப் போய்விட்ட குடும்பத்தில் வழக்கு எங்கே தொடங்குவது என்பதே முதல் சிக்கலாகிவிடுகிறது.

சமயம்தோறும் சட்டமும் வேறுபடுகிறது. காப்பாண்மை என்பது பிள்ளையின் உடல், உடைமை இரண்டின் மீதும் முடிவெடுக்கும் பொறுப்பு. காவல் என்பது பிள்ளையை உடன் வைத்துச் சோறூட்டி வளர்க்கும் பொறுப்பு. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர், காப்பாண்மைச் சட்டம் இயற்கைக் காப்பாளராகத் தந்தையை முதலிலும் அவருக்குப் பின் தாயையும் வைத்தது. ஆயினும் ஐந்து வயது நிறையாத பிள்ளையின் காவல் சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்றது. 'அவருக்குப் பின்' என்பதை இறப்புக்குப் பின் என்று மட்டும் கொள்ளத் தேவையில்லை, தந்தை பொறுப்பேற்காத நிலையையும் அது குறிக்கும் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல் விளக்கியது. இசுலாமியச் சட்டத்தில் இளம்பிள்ளையை வளர்க்கும் ஹிஸானத் என்னும் பொறுப்பு முதலில் தாய்க்கு உரியது. அதைத் தாயின் உரிமை என்பதைவிடப் பிள்ளையின் உரிமை என்றே கருதிய சட்ட அறிஞர்களும் உளர். கிறித்தவருக்கு 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம் பொருந்துகிறது. எனினும் எச்சமயத்தவர் வழக்காயினும் இறுதி அளவுகோல் பிள்ளையின் நலனே என்பதை நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் வலியுறுத்தியுள்ளன. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருள்கள் அல்லர் என்பதை உச்ச நீதிமன்றம் 1973இல் அழுத்தமாகப் பதிவு செய்தது.

இக்கருத்தின் வேர் தமிழ்நாட்டில் நடந்த இன்னொரு வழக்கில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. சமயமும் சட்டமும் ஒரு பிள்ளையின் பொருட்டு நேருக்கு நேர் நின்ற வழக்கு அது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஜிட்டு நாராயணய்யா 1909இல் தம் மக்களோடு அடையாற்றில் உள்ள பிரம்மஞான சபைக்குக் குடிவந்தார். அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியை உலக ஆசிரியருக்கான ஊர்தியாக, அதாவது மனித குலத்துக்கு வழிகாட்ட வரும் அருளாளர் குடிகொள்ளப் போகும் உடலாக, சபையின் முன்னணியாளர் லெட்பீட்டர் அடையாளம் கண்டதாக அறிவித்தார். 1910 மார்ச்சில் நாராயணய்யா கிருஷ்ணமூர்த்திக்கும் அவர் தம்பி நித்யானந்தாவுக்கும் சபைத் தலைவர் அன்னி பெசண்டைக் காப்பாளராக ஏற்று எழுத்தில் கையொப்பமிட்டார். 1912இல் சிறுவர்கள் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில், கொடுத்த பிள்ளைகளைத் திருப்பித் தர வேண்டும் என்று தந்தை செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது.

வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஆராய்வோர் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். நாராயணய்யாவுக்காக வாதாடியவர், பின்னாளில் திருவிதாங்கூர் திவானாக விளங்கிய சி. பி. இராமசுவாமி ஐயர். அன்னி பெசண்ட் எந்த வழக்கறிஞரையும் அமர்த்தாமல் தம் வழக்கைத் தாமே வாதிட்டார். வாதங்கள் எவ்வளவு கடுமையாக இருந்தபோதிலும், சில ஆண்டுகளுக்குள் இராமசுவாமி ஐயர் ஹோம் ரூல் இயக்கத்தில் பெசண்ட்டோடு இணைந்து பணியாற்றினார். கட்சிக்காரரின் மனக்கசப்பைத் தன் கசப்பாக்கிக் கொள்ளாத வழக்கறிஞர்தான் காவல் வழக்குக்கு ஏற்றவர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. லெட்பீட்டர் மீது தந்தை தரப்பு கூறிய மிகக் கடுமையான குற்றச்சாட்டை நீதிபதி பேக்வெல் ஏற்கவில்லை. ஆயினும் லெட்பீட்டரின் கருத்துகள் அவரைச் சிறுவருக்கு ஆசிரியராக இருக்கத் தகாதவராக்குகின்றன என்று கண்டு, 1913 ஏப்ரல் 15 அன்று பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்க ஆணையிட்டார். மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. பிரிட்டனில் இருந்த பிரிவி கவுன்சில், அதாவது அக்காலத்து இந்திய வழக்குகளுக்கு இறுதி மன்றம், 1914 மே மாதம் அதை மாற்றியது.

பிரிவி கவுன்சில் கூறியவற்றுள் இரண்டு கருத்துகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. காப்பாண்மை ஒரு நம்பிக்கைப் பொறுப்பு. தந்தை அதைப் பிறரிடம் ஒப்படைக்கலாம், ஆனால் என்றென்றைக்குமாகத் தாரை வார்த்துவிட முடியாது, பிள்ளையின் நலன் கருதித் திரும்பப் பெறலாம் என்பது ஒன்று. இங்கிலாந்தில் இருந்த சிறுவர்களின் விருப்பம் என்னவென்று அறியாமலே கீழ் நீதிமன்றங்கள் அவர்களைப் பற்றி ஆணையிட்டுவிட்டன என்பது மற்றொன்று.

பிள்ளையைத் தெய்வத்திடம் ஒப்படைத்த பெற்றோரின் கதை பொருநைக் கரைக்குப் புதிதன்று. திருக்குருகூர் என்னும் ஆழ்வார்திருநகரியில் காரியாருக்கும் உடையநங்கைக்கும் பிறந்த பிள்ளை அழவும் இல்லை, பால் குடிக்கவும் இல்லை என்று கண்டு அவர்கள் அதைக் கோயிலில் உள்ள புளியமரத்தடியில் விட்டனர் என்பதும், பதினாறு ஆண்டுகள் வாய் திறவாதிருந்த அவர், மதுரகவியார் வந்து ஒரு கேள்வி கேட்டபோதுதான் பேசினார் என்பதும் வைணவ மரபு. இலைகள் இரவிலும் கூம்புவதில்லை என்பதால் உறங்காப்புளி எனப்படும் அந்த மரம் இன்றும் காட்டப்படுகிறது. நம்மாழ்வார் எனப் போற்றப்படும் அப்பிள்ளையின் பெற்றோர் அவரைத் திரும்பக் கேட்டு எவரோடும் வழக்காடவில்லை. அடையாற்றில் அது நடந்தது. இரண்டு கதைகளையும் அருகருகே வைத்தால், பிள்ளையை எவர் வைத்திருப்பது என்பதைவிடப் பிள்ளையிடம் எவர் கேட்பது என்பதே முதன்மையான வினாவாக எழுகிறது.

விவிலியத்தில் சாலமோன் தீர்ப்பும், பௌத்த ஜாதகங்களில் மகோசதர் தீர்ப்பும் இதற்கு வேறொரு ஒளி தருகின்றன. ஒரு பிள்ளைக்கு இரு பெண்கள் உரிமை கோர, வாளால் பிளக்கச் சொன்ன மன்னனும், கோடு கிழித்து இருபுறமும் இழுக்கச் சொன்ன அறிஞனும், விட்டுக்கொடுத்தவளையே தாயென்று கண்டுகொண்டனர். நடைமுறையில் இன்று விட்டுக்கொடுத்தவர் தோற்கும் அபாயம் உண்டு. பிள்ளை எங்கே பழகி ஊன்றிவிட்டதோ அந்நிலையைக் கலைக்க நீதிமன்றம் தயங்குவதால், பிள்ளையைக் கையிலிருந்து விடக்கூடாது, மனுப் போடும் முன்பே பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்னும் ஆலோசனை எளிதாகப் பிறக்கிறது. அது சட்ட அறிவிலிருந்து வருவதாகவே இருக்கலாம்; ஆயினும் கோட்டுக்கு அப்பால் பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கச் சொல்லும் அறிவுரையே அது.

இங்கே பிரிவி கவுன்சிலின் முதற் கருத்து வழக்கறிஞர் தேர்வுக்கு நேரே பொருந்துகிறது. பெற்றோரே பிள்ளைக்கு நம்பிக்கைப் பொறுப்பாளர் என்றால், பொறுப்பாளருக்கு இல்லாத அதிகாரத்தை அவர் தம் முகவருக்குக் கொடுக்க இயலாது. பிள்ளையின் நலனுக்கு எதிராக நடக்கத் தந்தைக்கோ தாய்க்கோ உரிமை இல்லாதபோது, அவர்கள் அமர்த்திய வழக்கறிஞருக்கு மட்டும் அவ்வுரிமை எங்கிருந்து வரும்? முறையற்ற வழிகளில் இறங்காதபடி கட்சிக்காரரைத் தடுக்க வழக்கறிஞர் முயல வேண்டும், அவர் விடாப்பிடியாக இருந்தால் அவருக்காக நிற்க மறுக்க வேண்டும் என்று இந்திய வழக்கறிஞர் கழக விதிகளும் கூறுகின்றன. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும் அவ்விதிகள் தடை செய்கின்றன. ஆகவே ஜெயித்தால் இவ்வளவு, ஜீவனாம்சத்தில் இத்தனை பங்கு என்று பேசுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது. விளம்பரமும் விலக்கப்பட்டிருப்பதால், கூடங்குளத்தாரும் வள்ளியூராரும் உறவினர் சொல்லியும் குமாஸ்தாக்கள் சொல்லியுமே வக்கீலை அடைகின்றனர். அப்படிப் பெறும் பரிந்துரை பெரும்பாலும் 'கேஸை ஜெயித்துக் கொடுப்பார்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. காவல் வழக்கில் எது ஜெயம் என்பதை அந்தச் சொல் தொடவில்லை.

பொன்முடியார் பாடிய புறநானூற்றின் 312ஆம் பாட்டு, மகனைப் பற்றிய பொறுப்பைத் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என்று பகிர்ந்து கடமைகளாகவே பேசுகிறது; பிள்ளை மீது எவருக்கு உரிமை என்று அது கேட்கவில்லை. வழக்கறிஞரையும் அந்த வரிசையில் ஒருவராக, பிள்ளைக்குக் கடன்பட்டவராகக் கருத இடமுண்டு. முதல் சந்திப்பிலேயே பிள்ளையின் பள்ளி, தூக்கம், யாரிடம் ஒட்டுதல் என்பவற்றைக் கேட்பவரும், எதிர்த்தரப்புப் பெற்றோரைப் பிள்ளை பார்க்கும் நாள்களைப் பற்றித் தாமாகவே பேச்செடுப்பவரும், சமரச மையத்துக்குப் போவதைத் தோல்வியாகக் கருதாதவரும் அக்கடனை அறிந்தவர்கள்.

இறுதியாகச் சட்டம் தரும் சில வசதிகளை இப்பகுதியினர் அறிந்திருப்பது தேவை. 1984ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, இந்நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வழியே வாதிடுவதைக் கட்சிக்காரர் தம் உரிமையாகக் கோர முடியாது. நீதிமன்றம் விரும்பினால் தனக்கு உதவச் சட்ட வல்லுநர் ஒருவரை நட்பு வழக்கறிஞராக அமர்த்திக்கொள்ளலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களும் குழந்தைகளும், வருமானம் எதுவாயினும், இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அறிவுடன் விருப்பம் தெரிவிக்கும் வயதில் பிள்ளை இருந்தால் அவ்விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்கிறது. நாராயணய்யாவின் வழக்கு நடந்தபோதும் அச்சட்டம் நடைமுறையில் இருந்தது. 1895 மே மாதம் பிறந்த கிருஷ்ணமூர்த்திக்கு, சென்னையில் தீர்ப்புச் சொல்லப்பட்ட அன்று பதினெட்டு வயது நிறைய ஒரு மாதம்கூட இருக்கவில்லை. அவருடைய விருப்பத்தை அந்நீதிமன்றம் கேட்டறியவில்லை.