வேண்டுமென்று செய்யாத குற்றம்

பட்டாசு ஆலையில் வெடிவிபத்து நடந்தால் மறுநாள் செய்தித்தாளில் காரணம் ஒரே வரியில் வந்துவிடுகிறது: மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை என ஊர்ப்பெயர் மாறும், அந்த வரி அதிகம் மாறாது. யாரும் இதை வேண்டுமென்று செய்யவில்லை என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. அது உண்மைதான். தன் ஆலை தரைமட்டமாக வேண்டும் என்று எந்த உரிமையாளரும் நினைப்பதில்லை, எந்த போர்மேனும் அதற்காக வேலைக்கு வருவதில்லை. ஆனால் அந்த உண்மைக்கு எவ்வளவு எடை கொடுப்பது?

ஆடுபவரின் நோக்கத்தைக் கண்டுகொள்ளாத விதிகளுக்குப் பேர்போன ஆட்டம் கோல்ஃப். 1968இல் அமெரிக்காவின் அகஸ்டாவில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ 17ஆவது குழியை மூன்றே அடியில் முடித்தார். அவருடைய கணக்கைக் குறித்த சக வீரர் தவறுதலாக நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்சோ கவனிக்காமல் அந்தக் கணக்கு அட்டையில் கையெழுத்திட்டார். அட்டையில் இருப்பதே கணக்கு என்பது விதி. முதலிடத்துக்கு மோதியிருக்க வேண்டியவர் இரண்டாம் இடத்தோடு திரும்பினார். அந்த ஆட்டமும் பின்னர் ஓரளவு இளகியது. குழியைச் சுற்றியுள்ள புல்பரப்பில் பந்தைத் தற்செயலாக அசைத்துவிட்டால், 2019 முதல் தண்டனை அடி கிடையாது. பந்தை இருந்த இடத்தில் வைத்தால் போதும். இருந்த இடத்தில் வைக்க முடிகிறது என்பதால்தான் அந்தச் சலுகை நியாயமாகிறது. ஆனால் 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 38 பேர் இறந்தார்கள். காப்பாற்ற ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். அங்கே எதை எடுத்து எங்கே வைப்பது?

நம் சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 1985 டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்த வழக்கில், அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.என். பகவதியின் அமர்வு முழுப் பொறுப்பு என்ற கோட்பாட்டை வகுத்தது. ஆபத்தான தொழிலை நடத்துபவர் அதனால் வரும் கேட்டுக்கு ஈடு செய்தே ஆக வேண்டும், கவனமாகத்தான் இருந்தேன் என்பதுகூட அங்கே பதிலாகாது. 2010இன் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் விபத்துகளில் தவறை நிரூபிக்கத் தேவையில்லை என்கிறது. சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த விபத்தைத் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட அத்தீர்ப்பாயம், இறந்தவர் ஒவ்வொருவருக்கும் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உத்தரவிட்டது.

ஒழுங்காக ஆலை நடத்தும் சிறு உற்பத்தியாளர் இதைக் கேட்டுக் கொதிப்பார். அறைக்கு நான்கு பேருக்கு மேல் உட்காரவைத்ததில்லை, அன்று கலந்த மருந்தை அன்றே தீர்த்தோம், ஆனாலும் நானே கொடுக்க வேண்டுமா என்பார். அவருடைய கோபம் பொய்யில்லை. ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்று அறிந்துகொள்ளும் வசதியும், காப்பீடு எடுக்கும் வழியும், அந்தச் செலவைப் பட்டாசின் விலையில் சேர்க்கும் அதிகாரமும் அவரிடம்தான் இருக்கின்றன. இறந்த பெண்ணின் குடும்பத்திடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. இரண்டு நிரபராதிகளில் ஒருவர்தான் சுமக்க வேண்டும் என்றால், லாபம் போய்ச் சேர்ந்த பக்கமே சுமையும் சேரட்டும்.

நோக்கம் பற்றிய பேச்சு மிக எளிதாகப் போய் விழும் இடம் தொழிலாளியின் தலை. மருந்தை வேகமாகச் செலுத்தினார், முதல் நாள் மீந்த, நீர்த்துப்போன கலவையைத் தொட்டார் என்பார்கள். அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் தானே சூடேறும். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் தொட்டார்? எண்ணிக்கைக்குக் கூலி என்றால் வேகமே சோறு. தீபாவளி நெருங்கும் மாதங்களில் ஆர்டர் குவியும்போது அந்த வேகத்தை விரட்டுபவர் அறைக்குள் உட்கார்ந்திருப்பதில்லை. 1923இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இதற்கு ஒரு நல்ல விடை இருந்தது. பாதுகாப்பு விதியைத் தொழிலாளி வேண்டுமென்றே மீறினார் என்று காட்டினால் காயங்களுக்கு இழப்பீடு தராமல் முதலாளி தப்ப முடிந்தது. மரணமோ முழு நிரந்தர ஊனமோ நேர்ந்தால் அந்த வாதம் அதில் எடுபடவில்லை.

அப்படியானால் நோக்கத்துக்கு வேலையே இல்லையா? உண்டு, சிறைத்தண்டனையில். மனுநீதிச் சோழனின் சிலையை உயர் நீதிமன்ற வளாகத்தில் வைத்திருக்கிறோம். தெரியாமல் கன்றின்மேல் தேரேற்றிய மகனைத் தேர்க்காலிலேயே இட்ட அந்தத் தீர்ப்பை நாம் போற்றலாம், பின்பற்ற முடியாது. கெட்ட எண்ணமின்றித் தவறியவரையும் கெட்ட எண்ணத்தோடு கொன்றவரையும் ஒரே தட்டில் வைப்பது அநீதி. ஆனால் இவ்விருவருக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். உரிமத்தைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு, அறை அறையாகப் பிரித்து உள்குத்தகைக்கு விடுபவர். ஒவ்வொரு குத்தகைக்காரரும் போட்ட பணத்தை எடுக்க ஆட்களை நெருக்குவார், மரத்தடியிலும் வேலை நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு யாரையும் கொல்லும் எண்ணமில்லை. மரணம் நேரக்கூடும் என்ற அறிவு இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் கவனக்குறைவால் விளையும் மரணத்துக்கு ஐந்தாண்டு வரை சிறை. 105ஆவது பிரிவில், எண்ணமில்லாமல் அறிவோடு மட்டும் செய்த செயலால் மரணம் விளைந்தாலும் பத்தாண்டு வரை போகலாம். உள்குத்தகை விட்டவர் நிற்க வேண்டிய இடம் இரண்டாவது. எனக்குத் தெரியாது என்று சொல்லும் வசதிக்காகத்தான் அந்தக் குத்தகையே எழுதப்படாமல் வாய்வார்த்தையாக நடக்கிறது.

1884இன் வெடிபொருள் சட்டம் 9பி பிரிவில், விதியை மீறி வெடிபொருள் தயாரித்தால் மூன்றாண்டு வரை சிறை என்கிறது; அல்லது வெறும் 5,000 ரூபாய் வரை அபராதம். இந்தத் தொகையை நாடாளுமன்றம் உயர்த்த வேண்டும். அதற்குக் காத்திருக்காமல் மாவட்டக் காவல்துறை இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு: வழக்கின் முதல் தகவல் அறிக்கையில் போர்மேன் பெயரோடு நிறுத்தாமல், அந்த அறையை யார் யாருக்கு விட்டார் என்பதையும் விசாரித்து எழுதுங்கள்.