முழுப்பேரும் அரைப்பேரும்: தேகத்தின் மதிப்பு எது?

மானிடப் பிறவியின் அருமையைப் பேசாத சமயச் சொற்பொழிவு இல்லை. ஆயினும் அப்பிறவி குடியிருக்கும் உடம்பைப் பற்றிப் பேச்சு வந்தவுடன் பலருக்கும் இரண்டில் ஓர் எண்ணமே தோன்றுகிறது. உடம்பு அழியப்போகும் பொருள், அதைக் கவனிப்பது வீண் என்பது ஒன்று. உடம்பு உழைக்கும் கருவி, உழைக்க முடியும் வரைதான் அதற்கு மதிப்பு என்பது மற்றொன்று. முதலாவதை வேதாந்தம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டாவது, மலையகத்துக்குத் தோட்டத்துத் தராசு கற்றுக்கொடுத்த பாடம். இவ்விரண்டும் சரிதானா என்பதைச் சற்று ஆராய்வது பயனுடையது.

தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குப் ‘பேர்’ என்று சொல்வது வழக்கம். குறித்த கிலோ கொழுந்து நிறைந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். தோட்டத்துக்குத் தோட்டம் அளவு வேறுபட்டாலும் 18 கிலோ என்பது பல இடங்களில் வழங்கிவந்த கணக்கு. சம்பளக் கணக்குக்காக ஏற்பட்ட இந்தச் சொல், காலப்போக்கில் மனிதரை அளக்கும் சொல்லாகவும் ஆகிவிட்டது. “அவ இப்ப அரைப்பேருக்குத்தான் லாயக்கு” என்று ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வது லயத்தில் கேட்காத பேச்சல்ல. அதைவிடத் துயரமானது, அந்தப் பெண்ணே தன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்வது. நாற்பது ஆண்டுகள் கூடை சுமந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஒருவரை ஆசிரியராகவும் ஒருவரைக் கொழும்பில் நல்ல வேலையிலும் அமர்த்திய தாய், முழங்கால் வலியால் இரண்டு கிலோ குறைந்துபோன அன்று தன்னை அரை மனுஷியாக எண்ணிவிடுகிறாள். கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் இருக்கவேண்டிய சொல் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்வது இப்படித்தான்.

பெரியவர்களுக்குத் தராசு என்றால் பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர். கட்டையன், நோஞ்சான், குண்டு, கருவாயன் என்று கூப்பிடுவதை யாரும் பிழையாக எண்ணுவதில்லை. அன்பாகத்தானே சொல்கிறோம் என்பார்கள். கூப்பிடப்படும் பிள்ளை அதை அன்பாக எடுத்துக்கொள்கிறதா என்று எவரும் விசாரிப்பதில்லை. பாடசாலை விளையாட்டுப் போட்டி வந்தால் அந்தப் பிள்ளை வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் வயிற்றில் இல்லை.

இதில் மிகவும் வேரூன்றிப்போன தப்பெண்ணம், ‘தோட்டத்து ஆட்கள் என்றால் குள்ளமும் மெலிவும்தான், அது நம்ம வம்சம்’ என்பது. இது உண்மையன்று. இலங்கையில் 2016 ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட குடிசன சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 17 பேர் அளவில் இருந்தனர். தோட்டப்புறத்தில் மட்டும் அது 32 அளவில் இருந்தது. ஆனால் 2006-2007 ஆம் ஆண்டின் ஆய்வில் தோட்டப்புறத்தின் அதே கணக்கு ஏறக்குறைய 40. பத்தாண்டுகளில் வம்சம் மாறிவிடுமா? மாறியது உணவும், தாய்மாரின் கவனிப்பும், தண்ணீரும், மலசலகூட வசதியும்தான். உலகத்தைப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது. தென்கொரியாவில் 1896 இல் பிறந்த பெண்களை விட 1996 இல் பிறந்த பெண்கள் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயரமாக வளர்ந்தார்கள் என்று உலகளாவிய ஆய்வொன்று கண்டது. ஆகவே தோட்டத்துப் பிள்ளை ஒன்று உயரம் குறைந்திருந்தால், அதன் பொருள் அதன் இரத்தத்தில் குறை என்பதல்ல. பல தலைமுறைத் தட்டில் இருந்த குறை அது. வெட்கப்பட வேண்டியவர்கள் யாராவது இருந்தால், நிச்சயமாக அந்தப் பிள்ளையன்று.

அஷ்டாவக்கிரரின் கதையைப் பக்தர்கள் அறிவர். எட்டு இடத்தில் கோணிய உடம்புடன் பிறந்த அந்தச் சிறுவன் ஜனக மகாராஜாவின் சபைக்குள் நுழைந்தபோது அங்கிருந்த பண்டிதர்கள் சிரித்தார்களாம். ஞானிகளின் சபை என்று நினைத்து வந்தேன், தோலைப் பார்த்து விலை சொல்லும் சந்தைக்கு வந்துவிட்டேன் போலிருக்கிறதே என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். சிரித்தவர்கள் தலைகுனிந்தனர், ஜனகர் சீடரானார் என்பது கதை.

புராண காலத்தில் மட்டும் நடந்ததா இது? கண்டியில் 1972 இல் பிறந்த முத்தையா முரளிதரன், தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து 1920 இல் வந்தவரின் பேரன். பிறவியிலேயே அவரது வலது முழங்கை முழுவதும் நிமிராது. 1995 டிசம்பர் 26 ஆம் திகதி, அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, நடுவர் டெரல் ஹெயார் அவரது பந்துவீச்சை ஏழு முறை ‘நோ போல்’ என்றார். கையை மடக்கி நிமிர்த்தி எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. 1996 இல் அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் அவரது கை பரிசோதிக்கப்பட்டது. நிமிராத கை நிமிர்வதுபோல் கண்ணுக்குத் தோன்றுகிறது என்று தெரியவந்தது, சர்வதேச கிரிக்கெட் சபை அவரை விளையாட அனுமதித்தது. அதோடு விட்டார்களா? 1999 ஜனவரியில் அடிலெய்ட்டில் இன்னொரு நடுவர் அதையே செய்தார். 2004 இல் முழங்கை அசையாதபடி உறை ஒன்றை மாட்டிக்கொண்டு கெமராவின் முன் பந்து வீசிக் காட்ட வேண்டியும் வந்தது. 2010 ஜூலை 22 ஆம் திகதி காலியில் தமது கடைசி டெஸ்ட் பந்தில் 800 ஆவது விக்கெட்டை எடுத்து அவர் விடைபெற்றார். டெஸ்ட் கிரிக்கெட்டில் வேறெவரும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை.

இக்கதையைச் சொல்லும்போது ஒரு தவறு நேர்வதுண்டு. 800 விக்கெட் எடுத்ததால்தான் அந்தக் கைக்கு மரியாதை என்று கேட்பவர் முடிவுகட்டிவிடலாம். அப்படியானால் விக்கெட் எடுக்காத கோணல் கைகளின் கதி என்ன? மெல்பேர்ணில் அவமானப்பட்ட அன்றே அந்தக் கை மரியாதைக்கு உரியதாகத்தான் இருந்தது. அஷ்டாவக்கிரர் சபையில் வாய் திறப்பதற்கு முன்பே வணக்கத்துக்குரியவராக இருந்தார் அல்லவா? கொழுந்துத் தராசுக்குப் பதிலாக விக்கெட் தராசு ஒன்றை மாட்டி வைப்பதில் பெருமை ஏதுமில்லை.

இனி உடற்பயிற்சி என்ற சொல்லுக்கு வரலாம். இச்சொல்லைக் கேட்டதும் தோட்டத்தில் வரும் பதில், “நமக்கென்னங்க, தினமும் மலை ஏறி எறங்குறோமே, அதைவிடவா?” என்பது. நியாயமான பதில்போலத் தோன்றும். காப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியாகப் பல நாட்கள் நடந்தே மாத்தளைக்கு வந்து சேர்ந்த, வழியில் எத்தனையோ பேரைப் பலிகொடுத்த சமூகத்துக்கு நடப்பதைப் பற்றி யார் பாடம் நடத்துவது? ஆனால் வேலையில் படும் பாடும், உடம்பைப் பேணச் செய்யும் பயிற்சியும் ஒன்றல்ல. கொழுந்து எடுப்பவரின் விரல்களும் மணிக்கட்டும் ஒரே அசைவை நாள் முழுவதும் செய்கின்றன. கூடையின் கயிறு தலையை அழுத்த, கழுத்தும் முதுகும் ஒரே நிலையில் பாரம் தாங்குகின்றன. கவ்வாத்து வெட்டுபவர் குனிந்தே நிற்கிறார். இளைப்பாற நேரம் இல்லை, எப்போது நிறுத்துவது என்பதும் அவர் கையில் இல்லை. பயிற்சியில் பாரம் சிறிது சிறிதாகக் கூடும், உடம்பின் எல்லாப் பக்கமும் அசையும், பிறகு தேறுவதற்கு ஓய்வு கிடைக்கும். தசை பலப்படுவது அந்த ஓய்வில்தான். வேலைக்களைப்பு ஒருவரைச் சுகதேகியாக்கும் என்றால், தோட்டத்து டிஸ்பென்சரியில் முதுகுவலிக்கு மருந்து வாங்க இத்தனை பேர் நிற்க மாட்டார்கள்.

இன்னொன்று, வலியைப் பொறுத்துக்கொள்வதே பலம் என்ற எண்ணம். காவடி எடுப்பவர் விரதமிருந்து, நாள் குறித்து, துணைக்கு ஆள் வைத்து, ஒரு நேர்த்திக்காக வலியை ஏற்கிறார். அது வேறு. மாதக்கணக்கில் தலைசுற்றலையும் மூச்சுவாங்கலையும் மறைத்துக்கொண்டு மலைக்குப் போவது நேர்த்திக்கடன் அல்ல. பெண்கள் பலருக்கு அந்தத் தலைசுற்றல் இரத்தசோகையால் வருவது. சோற்றோடும் ரொட்டியோடும் சாயத்தண்ணீர் குடிக்கும் வழக்கம், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தேயிலை தந்த ஊரில் தேயிலையைக் குறை சொல்வது சிலருக்குப் பிடிக்காது. குடிப்பதை விடத் தேவையில்லை. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணிநேரம் விட்டால் போதும்.

‘வயசாயிருச்சு, இனி என்ன’ என்பது மூன்றாவது. பென்சன் வாங்கியவர்களும் தோட்டத்துச் சேவைக்காலம் முடிந்தவர்களும் திண்ணையில் உட்காரத் தொடங்குவதோடு சீனி வியாதியும் பிரஷரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. 1990 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், தொண்ணூறு வயதை ஒட்டிய, தளர்ந்த முதியோர் பத்துப் பேரை எடுத்து எட்டு வாரம் கால் தசைகளுக்குப் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடிவில் அவர்களது கால் பலம் இரண்டு மடங்குக்கு மேலாகியிருந்தது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டனர். அவ்வளவு தூரம் போவானேன். முல்லைத்தீவு, முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார் 2023 இல் தமது 72 ஆவது வயதில் பிலிப்பைன்ஸ் சென்று, மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கப் பதக்கங்களோடு திரும்பினார். யுத்தம் தின்ற மண்ணிலிருந்து போனவர் அவர். பதக்கம் எல்லோருக்கும் வேண்டியதில்லை. கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்ப முடிந்தால் அறுபத்தைந்து வயதில் அதுவே பெரிய காரியம்.

இளைஞர்களின் பிழை வேறு மாதிரியானது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உடற்பயிற்சி நிலையங்கள் உண்டு. அங்கே போவது நல்லதே. ஆனால் தொலைபேசியில் பார்த்த யாரோ ஒருவரின் புஜம் மூன்று மாதத்தில் வரவில்லை என்று மனமுடைந்து, கண்ட மாவையும் வாங்கிக் குடிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பாட்டியைக் கொழுந்துத் தராசு அளந்தது. பேரனைக் கண்ணாடி அளக்கிறது. தன் உடம்பு மதிப்பற்றது என்று நினைத்துக்கொண்டு பயிற்சி செய்பவனுக்கு எத்தனை அங்குலம் கூடினாலும் போதாது. மதிப்புள்ள ஒன்றைப் பேணுகிறோம் என்ற நினைப்போடு செய்பவனுக்குப் பத்து நிமிட நடையும் நிறைவு தரும். நோயாளியும், ஊனமுற்றவரும், படுக்கையில் கிடக்கும் முதியவரும் முழுப்பேர்க்காரர்களே என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான் தேகாரோக்கியத்தைப் பற்றிப் பேசுவது தர்மமாகும்.

உடம்பைப் பேணுவது சுயநலமாகாதா என்று கேட்பவர்களும் உண்டு. பெரும்பாலும் பெண்களே இப்படிக் கேட்கிறார்கள், அல்லது அவர்களை அப்படிக் கேட்க வைத்திருக்கிறார்கள். விடியற்காலை எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பிரட்டுக்குப் போய், மலைக்குப் போய், மாலையில் மீண்டும் அடுப்படிக்கு வருபவள், தனக்கென்று அரைமணி நேரம் எடுத்தால் ஊர் என்ன சொல்லும்? கோயில் விக்கிரகத்துக்கு எண்ணெய்க்காப்புச் சாத்துவதை வீண்செலவு என்று எவரும் சொல்வதில்லை. இறைவன் உள்ளே குடியிருக்கும் இடம் உடம்பு என்பது சைவர்கள் ஏற்ற கருத்து. உடம்பை இழித்துப் பேசுவது வைராக்கியம் என்று கருதுவோர், திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுவதும் யோகத்தைப் பற்றியது என்பதை நினைத்துப்பார்க்க வேண்டும்.

வழிபாட்டிலேயே இதற்கு வழி இருக்கிறது. பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணம் கால், தொடை, இடுப்பு எல்லாவற்றையும் அசைக்கிறது. (வெளிநாட்டில் அதற்குச் ‘சூப்பர் பிரெய்ன் யோகா’ என்று பெயர் சூட்டிப் பரப்புகிறார்கள். அவர்கள் சொல்லும் மூளை வளர்ச்சிக் கதையை நம்பவேண்டிய அவசியமில்லை. தொடைக்கு நல்லது என்பதே போதும்.) முழங்கால் தேய்ந்தவர்கள் அதைப் பாதியளவு மடங்கிச் செய்தாலும் பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். மாசி மாதத்துக் காமன் கூத்தில் விடிய விடிய ஆடிய பெரியவர்கள் எந்த உடற்பயிற்சி நிலையத்துக்கும் போனவர்கள் அல்லர். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல், வயதுவந்தோர் வாரத்துக்கு 150 நிமிடமாவது ஓரளவு மூச்சு வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேர வேகநடை அது.

எங்கே நடப்பது என்ற கேள்வி வரும். தோட்டத்தில் சமதரை என்று இருப்பவை பிரட்டுக்களம், பந்தடிக்கும் மைதானம், கோயில் வெளிவீதி ஆகிய மூன்றுதான். பிரட்டுக்களம் வேலையை நினைவூட்டும். மைதானத்தை இளைஞர்கள் எடுத்துக்கொள்வார்கள், அங்கே ஒரு பெண் நடந்தால் நாலு பேர் பார்த்துச் சிரிப்பார்கள். கோயிலைச் சுற்றி நடப்பவளை மட்டும் எதற்கு நடக்கிறாய் என்று எவரும் கேட்பதில்லை. மாலைப் பூசை முடிந்த பிறகும் வெளிவீதியை ஒரு மணிநேரம் திறந்து வைப்பது எந்த ஆலய பரிபாலன சபைக்கும் கடினமான காரியமன்று. மழைக்காலத்தில் கல்லில் பிடிக்கும் பாசியைச் சுரண்டிவிட வேண்டும், தெற்கு மூலையில் ஒரு மின்குமிழ் போட வேண்டும், நடந்து களைத்த வயதானவர்கள் உட்கார மதிலோரம் ஒரு வாங்கு போட வேண்டும். மின்குமிழுக்கும் வாங்குக்கும் உபயகாரர் கிடைப்பார்கள்.