‘வாழ்க’ என்று சொல்லும்போது



நம் பங்கில் அநேக வீடுகளில் பிள்ளைகள் இங்கிலீஷில் செபம் சொல்லுகிறார்கள். பாட்டியம்மாள் தமிழில் பரலோக மந்திரத்தைப் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பேரப்பிள்ளை அதை இங்கிலீஷில் சொல்லி முடித்துவிட்டு, முந்திக்கொண்டோம் என்று சந்தோஷப்படுகிறது. சொல்லட்டும், சர்வேசுரனுக்கு எல்லாப் பாஷையும் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளையைச் சற்று நிறுத்தி, பரலோக மந்திரத்தில் வருகிற ‘ஹாலோவ்ட்’ என்றால் என்ன, அருள் நிறை மந்திரத்தைத் தொடங்கும் ‘ஹெயில்’ என்றால் என்ன, அதன் பிற்பாதியில் வருகிற ‘ஹோலி’ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். மூன்றும் ‘எச்’ என்ற எழுத்தில் ஆரம்பிக்கின்றன என்பதற்குமேல் அதற்குத் தெரிந்திராது. கேட்கிற தகப்பனாருக்கும் தெரிந்திராது. அது வேறு விஷயம்.

இந்த மூன்று சொற்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பழைய இங்கிலீஷில் ‘ஹால்’ என்று ஒரு சிறு சொல் இருந்தது. உடையாதது, குறைவுபடாதது, முழுதாயிருப்பது, சுகமாயிருப்பது என்று அதற்கு அர்த்தம். விரிசல் விடாத பானையைத் தட்டினால் கணீரென்று ஒரு சத்தம் வருமே, அப்படிப்பட்ட முழுமை. முழுமை என்று பொருள்படுகிற ‘ஹோல்’, குணமாக்குதல் என்று பொருள்படுகிற ‘ஹீல்’, ஆரோக்கியம் என்கிற ‘ஹெல்த்’ யாவும் அதிலிருந்து பிறந்தவை. பரிசுத்தம் என்று நாம் சொல்லுகிற ‘ஹோலி’யும் அதிலிருந்தே வந்தது. ‘ஹாலோவ்ட்’ என்றால் பரிசுத்தமாகப் போற்றப்படுவது. ‘ஹெயில்’ மாத்திரம் வடதேசத்து நார்வேக்காரர், டேனிஷ்காரர் பாஷை வழியாக வந்த சகோதரி. ‘சுகமாயிரு, முழுமையாயிரு’ என்று வாழ்த்துவது அது. ஆலங்கட்டி மழைக்கும் இங்கிலீஷில் ‘ஹெயில்’ என்றுதான் பெயர். அது வேறு சொல், பயப்பட வேண்டாம்.

597-ஆம் ஆண்டில், பாப்பரசராயிருந்த அர்ச். பெரிய கிரகோரியார் அனுப்பிய அர்ச். அகுஸ்தீன் என்ற துறவி தம் தோழர்களோடு இங்கிலாந்தின் கெண்ட் கரையில் இறங்கினார். (ஹிப்போவின் மேற்றிராணியாரான அகுஸ்தீன் அல்ல, இவர் வேறு.) இந்தக் குருக்கள் கொண்டுவந்த பாஷை லத்தீன். ‘சாங்துஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு, தேவனுக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டது என்ற கருத்து. அதைச் சொல்ல அந்நாட்டு ஞான மேய்ப்பர்கள் ஜனங்கள் அன்றாடம் பேசிய ‘ஹால்’ குடும்பத்துச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். ஒதுக்கி வைக்கப்பட்டவன் என்பதோடு முழுமையாக்கப்பட்டவன் என்ற கருத்தும் அப்படி வந்து சேர்ந்தது.

எழுத்து ஒன்றுபோலிருந்தால் உறவு என்று நினைத்துவிடவும் கூடாது. அர்ச்சியசிஷ்டவர்களின் தலையைச் சுற்றிப் படத்தில் ஒளிவட்டம் போடுகிறார்களே, அதற்கு இங்கிலீஷில் ‘ஹேலோ’ என்று பெயர். ‘ஹோலி’யோடு அது சம்பந்தமுள்ளது என்று யாரும் நினைப்பார்கள். இல்லை. அது கிரேக்கச் சொல். மாடுகள் சுற்றிச் சுற்றி மிதித்துப் போரடிக்கும் வட்டமான களத்துக்கு அந்தப் பெயர். களத்திலிருந்து சூரியனைச் சுற்றிய வளையத்துக்குப் போய், பின்பு அர்ச்சியசிஷ்டவர்களின் தலைக்கு ஏறிற்று. அதேபோல் ‘ஹாஃப்’ என்ற சொல்லும் ‘ஹாலோ’, ‘ஹெயில்’ போலவே ‘எச்’, ‘ஏ’ என்ற இரண்டு எழுத்துகளில்தான் தொடங்குகிறது. பாதி என்று அர்த்தம். அதற்கும் இவற்றுக்கும் உறவே கிடையாது. பகை உண்டு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

தங்கள் நாட்டில் வேதத்தினிமித்தம் துன்பப்பட்டு பிரான்சுக்கு ஓடிப்போன இங்கிலீஷ் கத்தோலிக்கர், 1582-ஆம் ஆண்டில் ரேம்ஸ் பட்டணத்தில் புதிய ஏற்பாட்டைத் தங்கள் பாஷையில் அச்சிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டினால் வருந்திய ஸ்திரீயிடம் சேசுநாதர் பேசும் இடத்தில், ‘ஹோல்’ என்ற சொல் அதில் வருகிறது. வியாதி நீங்கிற்று என்பதோடு நிற்கவில்லை. ஊர் ஒதுக்கியிருந்தவளை, பயந்து பின்னால் வந்து வஸ்திரத்தைத் தொட்டவளை, எல்லார் முன்பாகவும் மகளே என்று அழைத்து முழு மனுஷியாக்கினார்.

அதே புத்தகத்தில் ‘ஹெயில்’ என்ற சொல் வருகிற நான்கு இடங்களை உங்களுக்குக் காட்ட வேண்டும். நான்கிலும் கிரேக்க மூலத்தில் இருப்பது ஒரே சொல்தான். மகிழ்ந்திரு என்று அதற்கு நேர்ப்பொருள். இங்கிலீஷ்காரர் அதை ‘முழுமையாயிரு’ என்கிறார்கள். நாம் ‘வாழ்க’ என்கிறோம்.

முதலாவது, கபிரியேல் சம்மனசானவர் தேவதாய்க்குச் சொன்னது. அங்கே சொல்லும் உண்மை, சொல்லப்பட்டவளும் முழுமை. பாவத்தின் விரிசல் ஒன்றுமில்லாத அந்தக் கன்னிகை, கடைசியில் ஒன்றையும் தனக்கென்று மீத்து வைக்காமல் தன்னை ஒப்புக்கொடுத்தாள்.

இரண்டாவது எங்கே தெரியுமா? ஒலிவேத் தோட்டத்தில். யூதாஸ் அருகில் வந்து, ‘ஹெயில்’ என்று சொல்லி முத்தமிட்டான். ‘போதகரே, சுகமாயிரும், முழுமையாயிரும்’ என்று வாழ்த்திய அந்த நேரத்தில், அவருடைய விலையாக முப்பது வெள்ளிக்காசை அவன் வாங்கியிருந்தான்.

மூன்றாவது, தேசாதிபதியின் அரமனையில். முள்முடி சூட்டி, கையில் நாணல் கொடுத்து, சேவகர்கள் முழங்காலிட்டு ‘ஹெயில்’ என்றார்கள். முதுகின் தோல் உரிய அடிக்கப்பட்டு நின்றவரைப் பார்த்து, ‘முழுமையாயிரும்’ என்றார்கள்.

கவனியுங்கள்: யூதாஸ் சொன்ன சொல்லில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. சேவகர்கள் முழங்காலிட்ட விதத்திலும் குற்றம் காண முடியாது. நாமும் முழங்காலிடுகிறோம். 53 மணி செபமாலையை ஒரு வீட்டில் இங்கிலீஷில் சொன்னால், 53 தடவை ‘ஹெயில்’, 53 தடவை ‘ஹோலி’, 6 தடவை ‘ஹாலோவ்ட்’ என்று நூற்றுப்பன்னிரண்டு தடவையாவது இந்தச் சொல் வாயில் வருகிறது. தமிழில் சொன்னாலும் 53 ‘வாழ்க’ உண்டு. தேவதாய்க்கு 53 வாழ்க. சுவருக்கு அப்பால் இருக்கும் தம்பி பெண்சாதிக்கு ஒரு வாழ்கவும் கிடையாது. பாகப்பிரிவினை நடந்து பத்து வருஷம் ஆகியும், அண்ணன் உட்காரும் பக்கத்தில் உட்காராமல் கோவிலில் எதிர்ப்பக்கம் போய் உட்காருகிறவர்கள் உண்டு. திவ்விய பூசையில் இருவரும் நன்மை வாங்குகிறார்கள். ஒரே அப்பத்தை வாங்கிக்கொண்டு இரண்டு வாசல் வழியாக வெளியே போகிறார்கள். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் சகோதரனோடு சமாதானமாகும்படி ஆண்டவர் மலைப் பிரசங்கத்தில் கற்பித்தது, இந்தப் பாதிப் பக்திக்காகத்தான்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். பிரசங்கம் செய்கிறவனுக்கும் பாதி மனது உண்டு. பலரை மன்னிக்கும்படி சொல்லிவிட்டு, ஒருவரை நினைத்தால் மாத்திரம் முகம் சுளிக்கிற பாதி அது.

நான்காவது இடத்தைச் சொல்லாமல் விட்டால் யூதாஸோடு நின்றுபோகும். பாஸ்கு ஞாயிறு விடியற்காலையில், கல்லறையிலிருந்து ஓடிவந்த ஸ்திரீகளுக்கு உயிர்த்தெழுந்த சேசுநாதர் எதிர்ப்பட்டு, அதே சொல்லால் அவர்களை வாழ்த்தினார். ‘நீங்கள் எல்லாரும் முழுமையாயிருங்கள்.’ துரோகி சொல்லிக் கெடுத்த சொல்லை, சேவகர்கள் பரிகாசமாக்கிய சொல்லை, அவரே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்தார். அந்த ஸ்திரீகள் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பாதங்களில் ஆணித் துவாரம் இருந்தது.

படுக்கையில் கிடக்கிற நம் பங்கு நோயாளிகளே, உங்களுக்காக இதை அழுத்திச் சொல்லுகிறேன். கை கால் திடமாயிருப்பவன்தான் முழுமையானவன் என்று இந்தச் சொல்லுக்கு அர்த்தம் பண்ணிவிடாதேயுங்கள். மரணத்தை ஜெயித்த சரீரத்திலிருந்து ஆண்டவர் தம் காயங்களை நீக்கிவிடவில்லை. தோமையாருக்குக் காட்டும்படி வைத்துக்கொண்டார். உங்கள் தழும்புகளோடேயே அவர் உங்களை வாழ்த்துகிறார்.

மற்றவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இன்று இரவு பாய் விரித்து, விளக்கேற்றி, செபமாலையைக் கையில் எடுத்ததும், உடனே ஆரம்பித்துவிடாதீர்கள். பேச்சு வார்த்தை இல்லாமலிருக்கிற அந்த ஒருவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். எழுந்துபோய் அவரைச் செபத்துக்கு அழையுங்கள். வந்தால், அவர் உட்காரப் பாயில் இடம் விட்டு, முதல் மணியை அவரையே சொல்லச் சொல்லுங்கள். வராவிட்டால் நாளைக்கும் போய்க் கூப்பிடுங்கள். பிள்ளைகள் எந்தப் பாஷையில் சொன்னாலும் சொல்லட்டும்.