பேழைக்குள் உற்சவர்

கள்ளக்குறிச்சி மாவட்டத்து வீரசோழபுரம் சிவன் கோயிலில் 1956-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட ஒளிப்படத்தில், மனைவி பரவையாருடன் நிற்கும் சைவ நாயனார் சுந்தரரின் செப்புத்திருமேனி காணப்படுகிறது. விஜயநகரக் காலத்ததாகிய அது பின்னர் கோயிலிலிருந்து முறைகேடாக அகற்றப்பட்டு வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் ஆசியக் கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஒளிப்படச் சான்றால் அதன் மூல இடம் உறுதிப்பட, இந்தியாவிடம் திருப்பித் தருவதாக அருங்காட்சியகம் 2026-இல் அறிவித்தது.

கண்ணாடிப் பேழைக்குள் நின்ற அவ்வடிவம் கலைப்பொருளா, வழிபடுபொருளா என்பதே இங்கு எழும் சமய வினா. ஆகம மரபில் தெய்வ ஆற்றல் உலோகத்தின் இயல்பன்று; மந்திரத்தால் அழைத்து நிறுத்தும் ஆவாகனத்தால் அது திருமேனியில் உறைகிறது. திருப்பணியின்போது அவ்வாற்றலைக் கும்பத்து நீருக்கு மாற்றும் சடங்கு கலாகர்ஷணம் எனப்படும். களவு போகும் திருமேனிக்கோ அச்சடங்கு நடப்பதில்லை. முறைப்படி விடைகொடுக்கப்படாத ஒன்றை வெறும் கலைப்பொருள் என்று கொள்வது ஆகம நோக்கில் பொருந்தாது. பூசை தடைப்பட்ட திருமேனிக்குச் சம்புரோட்சணம் என்னும் தூய்மைச் சடங்கு வேண்டப்படுவதும், அறுந்தது வழிபாடே தவிர உறவன்று என்பதையே உணர்த்துகிறது.

சுந்தரர் பிறந்த திருநாவலூரும் இம்மாவட்டத்திலேயே உள்ளது என்பதால் இவ்விழப்பு இன்னும் கனக்கிறது. இத்திருமேனி ஓர் உற்சவர், அதாவது வீதியுலாவுக்கென வார்க்கப்படும் திருமேனி. பீடத்து வளையங்கள் வாகனத்தோடு பிணைப்பதற்கென அமைந்தவை. ஆகவே பாதுகாப்பின் பொருட்டு அரசின் உலோகத் திருமேனிப் பாதுகாப்பு மையங்களில் வைக்கப்படும் உற்சவர்களும் திருவிழா நாளிலேனும் தம் ஊர் வீதிக்கு வர வழி இருக்க வேண்டும்.