ஆக்ஸ்பர்க் கணக்குப்பிள்ளை

பழைய ஐரோப்பிய உடை தைத்துப் போட்டுக்கொண்டு வார இறுதிகளைக் கழிக்கும் கூட்டங்கள் அமெரிக்காவில் நிறைய உண்டு. 1966இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில், ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடந்த விருந்தில் பிறந்த 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரானிசம்' அவற்றில் பெரியது. 1600க்கு முந்திய உலகம்தான் அதன் எல்லை. சேருகிறவர் தனக்கென்று ஓர் ஆளை உண்டாக்கிக்கொள்வது வழக்கம்: பெயர், ஊர், காலம், பிழைப்பு. சரித்திரத்தில் பேர்போனவராக இருக்கக் கூடாது. எலிசபெத் ராணி நான்தான் என்று வந்து நிற்க முடியாது. பட்டத்தையும் தானே சூட்டிக்கொள்ள முடியாது, சங்கம் கொடுத்தால் உண்டு. நீங்கள் சொல்லும் பெயர் அந்தக் காலத்தில் புழங்கியதுதானா என்று பழைய ஆவணங்களைப் புரட்டிப் பார்ப்பதற்கே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

இத்தனை கட்டுதிட்டம் இருந்தும், கூடுகிற கூட்டத்தில் ஓர் உழவனைக் கண்டுபிடிக்கத் தேட வேண்டும். திரும்பிய பக்கமெல்லாம் வெல்வெட். இத்தனை சீமாட்டிகளுக்கும் யார் உலை வைத்தார்கள், இத்தனை பிரபுக்களின் சட்டையை யார் வெளுத்தார்கள் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். கேலிக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. எந்தக் காலத்தில் வேண்டுமானாலும் எவராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஒரு மனிதனுக்கு வாய்ப்புக் கொடுத்தால், அவன் ஏன் ஓடிப்போய் மேல்தட்டில் உட்கார்ந்துகொள்கிறான்?

எனக்கு வந்த யோசனை வேறு மாதிரி. "நீங்கள் இந்தியர், முகலாயப் பிரபுவாக வரலாமே, அக்பர்கூட 1600க்கு முந்தியவர்தான்" என்றார் ஒரு பெரியவர். அன்பாகத்தான் சொன்னார். நாகர்கோவில் பக்கத்துக்காரனுக்கு ஆக்ராவும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கும் ஒரே தூரம் என்பதை அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கவில்லை. தெருக்கூத்தில் ஆண்தான் திரௌபதி கட்டுகிறான். யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை. ரத்தத்தை வைத்துத் தேடாமல் தொழிலை வைத்துத் தேடினேன். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். என் தொழிலில் எனக்கொரு மூதாதை இருந்தார்.

மத்தேயுஸ் ஷ்வார்ட்ஸ், 1497இல் ஆக்ஸ்பர்க்கில் பிறந்தவர். ஐரோப்பாவின் அரசர்களுக்கே கடன் கொடுத்த ஃபுக்கர் குடும்பத்தின் தலைமைக் கணக்கர். இத்தாலிக்குப் போய்க் கணக்கியல் கற்று வந்து, இருபத்தொரு வயதில் அதைப் பற்றி எழுதியும் வைத்தார். அதோடு நின்றிருந்தால் இன்று அவரை யாருக்கும் தெரிந்திருக்காது. 1520 முதல் தான் உடுத்தியவற்றை ஓவியரை வைத்து வரைந்து வாங்க ஆரம்பித்தார். நாற்பது ஆண்டுகள் விடாமல் தொடர்ந்தார். 137 படங்கள், ஒரே புத்தகமாக. பழைய நாட்களையும் பின்னோக்கிப் போய் வரைய வைத்தார். கைக்குழந்தையாகத் துணியில் சுற்றப்பட்டிருப்பது, பள்ளிப் பையன், வாலிபன், கிழவன் என்று ஒரு மனிதனின் ஆயுள் முழுவதும் உடையாகக் கிடக்கிறது. 1526இல் ஒரு படத்துக்கு உடையே இல்லாமல் முன்னும் பின்னும் வரையச் சொல்லி, குண்டாகிவிட்டேன் என்று குறித்தும் வைத்திருக்கிறார். வரவு மட்டும் எழுதிச் செலவை மறைக்கிற ஆள் இல்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

அந்தப் புத்தகத்தில் அவரும் முதலாளி யாக்கோப் ஃபுக்கரும் அலுவலகத்தில் இருக்கும் படம் ஒன்று உண்டு. பின்னால் ஓர் அலமாரி, இழுப்பறைகளில் ஊர்ப் பெயர்கள்: ரோம், வெனிஸ், கிராக்கோவ், மிலான், லிஸ்பன். லிஸ்பன் இழுப்பறையில்தான் என் கண் நின்றது. 1505இல் போர்த்துகீசியத் தளபதி அல்மெய்டா இந்தியாவுக்குக் கிளம்பியபோது சில கப்பல்களுக்கு முதல் போட்டவர்களில் ஆக்ஸ்பர்க் வணிகர்கள் இருந்தார்கள். எங்கள் மலைகளுக்கு மேற்கே விளைந்த மிளகு அந்த இழுப்பறையில் எண்ணாக வந்து விழுந்திருக்கும்.

ஷ்வார்ட்ஸாக நான் வர முடியாது. அவருக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு குமாஸ்தாவாக வரலாம். ஆண்டு 1529.

"இந்த வயசுல மாறுவேஷப் போட்டியா மக்கா?" என்று அம்மா போனில் கேட்டாள். பள்ளியில் அவள் எனக்குக் கட்டபொம்மன் மீசை வரைந்ததை மறக்கவில்லை. அந்தப் போட்டியில் மீசை போதும். இங்கே மீசைக்குப் பின்னால் ஆள் வேண்டும்.

ஆளை முதலில் காட்டிக்கொடுத்தது நாடா. அந்தக் கால ஆணின் கால்சட்டைக்கு இடுப்பில் பிடிமானம் கிடையாது. மேல்சட்டையின் கீழ்விளிம்பைச் சுற்றி ஜோடி ஜோடியாக ஓட்டைகள். கால்சட்டையிலும் அதே மாதிரி. இரண்டையும் நாடாவால் கோத்து முடிய வேண்டும். ஓட்டையைக் கத்தரியால் வெட்டக் கூடாது. குத்தூசியை விட்டு இழைகளை விலக்கி, விலகிய இடத்தைச் சுற்றி நெருக்கமாக நூலால் தைக்க வேண்டும். வெட்டிய ஓட்டை இழுவிசை தாங்காது கிழியும். நாடா முனையில் சின்னத் தகட்டு மூடி. எல்லாவற்றையும் முடிந்துகொண்டு நின்றால் முதுகு தானாக நிமிர்கிறது. குனிந்தால் பின்பக்க நாடா தெறிக்கிறது. அதனால்தான் அந்தக் கால ஓவியங்களில் குனிந்து வேலை செய்கிறவர்களின் பின்பக்க நாடாக்கள் பல நேரம் அவிழ்ந்து, உள்சட்டை பிதுங்கித் தெரியும். நிமிர்ந்து நிற்க வசதியுள்ளவன் யார், குனிய வேண்டியவன் யார் என்பதை முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். (முன்பக்கத்துக்கென்று தனியாகத் தைத்த ஒரு துணிப்பையும் உண்டு. அதை அம்மாவிடம் சொல்லவில்லை, இங்கேயும் விவரிக்கப்போவதில்லை.)

உடை இப்படித் தானாகவே ஆளைக் காட்டிக்கொடுத்தும் அரசுக்குப் போதவில்லை. 1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஆக்ஸ்பர்க்கில் கூட்டிய பேரவை வெளியிட்ட ஒழுங்குச் சட்டம், குடியானவன், கைவினைஞன், வணிகன், பிரபு என்று பிரித்து, யார் எதை உடுத்தலாம் எனச் சொன்னது. எவன் எந்தப் படி என்று பார்த்தவுடன் தெரிய வேண்டுமாம். தோள்சீலைக்காக அடிபட்ட ஊர்களுக்கு நடுவே வளர்ந்தவனுக்கு இதில் அதிசயிக்க ஒன்றுமில்லை. 1859இல் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்களை மார்பை மறைக்க அனுமதித்தபோதுகூட, மேல்சாதிப் பெண்கள் மாதிரி அணியக் கூடாது என்று ஒரு வாலை ஒட்டித்தான் அனுமதித்தது. இஷ்டப்பட்ட வெல்வெட்டை இஷ்டப்பட்டவன் போடுவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாமல் போனது அதனால்தானோ என்னவோ.

உடை முடிந்ததும் ஆளுக்கு ஒரு பேரேடு போட்டேன். அவனுக்கு என்ன இருக்கிறது என்று எழுதுவது சுலபம், ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. அவன் யாருக்குக் கடன்பட்டிருக்கிறான் என்ற பக்கம்தான் வளர்ந்துகொண்டே போனது. மனைவியின் அப்பா நெசவாளி, நொடித்துப்போனவர். ஃபுக்கர் 1521இல் ஏழைகளுக்காக ஏற்படுத்திய ஃபுக்கரை குடியிருப்பில் அவருக்கு வீடு. வாடகை ஆண்டுக்கு ஒரு கில்டர். அதோடு ஃபுக்கர் குடும்பத்துக்காக நாள்தோறும் மூன்று பிரார்த்தனைகள். குடியிருப்பு இன்றும் இருக்கிறது. ஆண்டு வாடகை ஒரு யூரோகூட இல்லை, பிரார்த்தனையும் தொடர்கிறது. என் குமாஸ்தாவுக்குச் சம்பளம், மாமனாருக்குக் கூரை, இரண்டும் ஒரே கையிலிருந்து. இப்படிப்பட்டவன் அலுவலகத்தில் எந்தக் குரலில் பேசுவான் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஐந்நூறு வருஷம் கழித்து யாராவது என்னை வேடம் கட்டினால், புகைப்படங்களைப் பார்த்துச் சட்டையைச் சரியாகத் தைத்துவிடுவார்கள். அண்ணன் தன் படிப்பை நிறுத்தி எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினான் என்பது அவர்களுக்கு எந்தப் படத்திலிருந்து கிடைக்கும்? அது தெரியாமல் கட்டுகிற வேடம் நானாக இருக்குமா? நான் சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது குரல் ஏன் இறங்குகிறது என்பது அவர்களுக்குப் புரியவே புரியாது.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது: அவன் எந்தக் கோயிலுக்குப் போகிறான்? விளையாட்டில் இதை வெற்றிடமாக விடலாம், பலர் விடுகிறார்கள். 1529இன் ஆக்ஸ்பர்க்கில் விட முடியாது. ஊரில் பாதிக்கு மேல் லூதர் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. ஃபுக்கர் குடும்பம் போப்பின் பக்கம் அசையாமல் நிற்கிறது. இன்னும் எட்டு ஆண்டில் நகரசபை கத்தோலிக்கப் பூசையையே தடை செய்யப்போகிறது, அது அவனுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு நெசவாளிகளோடு போனால் வேலை, முதலாளியோடு போனால் தெரு, ஏதாவது ஒன்றுக்கு ஆபத்து. அவன் மனசுக்கு எது சரி என்பது மூன்றாவதாகத்தான் வருகிறது. எனக்கும் பல முடிவுகள் அந்த வரிசையில்தான் வந்திருக்கின்றன.

ஒருவழியாக அவனுக்கு ஓர் இடம் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். புனித அன்னாள் ஆலயத்தில் 1525 கிறிஸ்துமஸிலேயே லூதர் பக்கத்தார் தங்கள் முறையில் நற்கருணை கொடுத்துவிட்டார்கள். அதே வாரம் இறந்த யாக்கோப் ஃபுக்கரின் கல்லறையும், தனக்கென்று அவர் கட்டிவைத்த சிற்றாலயத்தில், அதே கூரையின் கீழ்தான் இருக்கிறது. என் ஆள் புதிய பிரசங்கத்தைக் கேட்க அங்கே போகிறான். அலுவலகத்தில் யாராவது பார்த்துவிட்டுக் கேட்டால், பெரிய முதலாளியின் கல்லறையில் ஜெபிக்கப் போனேன் என்பான்.